மேற்குப் பக்கம் வைக்க வேண்டிய மெழுகுவர்த்தி

எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வந்த அம்மாவை இரண்டு வருடம் நான் மெக்சிகோக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டல்லஸை ஒட்டிய காப்பெலில் எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். புல் வெட்டுகிறவர், கூரை மாற்றுகிறவர், வீடு துடைக்கிறவர் எல்லோரும் எங்களுக்கு மெக்சிகன். ஆனால் இங்கே யாராவது என்னிடம் ‘உங்கள் வீட்டில் இந்திதானே பேசுவீர்கள்’ என்று கேட்டுவிட்டால் மட்டும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நிறுத்திவைத்து அரைமணி நேரம் பாடம் எடுப்பேன்.

அந்த அம்மா ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வருவார். வியாழக்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை. மென்பொருள் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பார்க்கிறேன். மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். அவருக்கு ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரியும். எனக்கு ஸ்பானிஷில் அதுவும் தெரியாது. கையைக் காட்டி, தலையை ஆட்டி, சிரித்துச் சமாளித்தே காலம் ஓடியது.

எங்களுக்கு நடுவில் பேச்சு என்று ஒன்று வந்தது என் மகளால். பள்ளியில் மூன்று வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், பள்ளி விட்டு வந்ததும் சமையலறை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த அம்மாவிடம் ஸ்பானிஷில் வளவளவென்று பேசுவாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவள்தான் ஒருநாள் சொன்னாள், அவர் மெக்சிகோ இல்லை, குவாத்தமாலா என்று. ஸ்பானிஷ்கூட அவருக்கு இரண்டாவது மொழிதானாம். வீட்டில் பேசியது மாயா மொழிகளில் ஒன்று.

“மாயாவா? அவங்கல்லாம் அழிஞ்சு போயிட்டாங்கன்னு படிச்சிருக்கேனே,” என்றேன்.

“அம்மா, ஷீ இஸ் இன் அவர் கிச்சன்,” என்றாள் மகள்.

அந்த வருடம்தான் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. இனி விசா ஸ்டாம்பிங் பயம் இல்லாமல் எந்த ஊருக்கும் போய்விட்டுத் திரும்பி வரலாம். எங்கள் இருபதாவது கல்யாண நாளும் மகளின் வசந்த விடுமுறையும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கே போகலாம் என்று கேட்டபோது மகள் யோசிக்காமல் டிகால் என்றாள். குவாத்தமாலாவின் காட்டுக்குள் மாயா மக்கள் கட்டிய பழைய நகரம். டல்லஸிலிருந்து விமானம், அங்கிருந்து இன்னொரு சின்ன விமானம், பிறகு வேனில் காட்டுப் பாதை. என் கணவருக்கு ஹவாய் போக ஆசை. மகள் ஜெயித்தாள்.

செய்தி அந்த அம்மாவின் காதுக்குப் போனது. வாக்குவம் கிளீனரை நிறுத்திவிட்டு எங்கள் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மகளிடம் நிறைய நேரம் மெதுவாகப் பேசினார். நடுநடுவே என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்றாங்க?” என்றேன்.

மகள் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது இதுதான். அந்த நகரம் வெளியிலிருந்து போகிறவர்களுக்குத்தான் பாழடைந்த ஊர். அவருடைய ஆட்களுக்கு அது கோயில். முன்னோர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஏதாவது கேட்கவோ சொல்லவோ வேண்டும் என்றால் அங்கே போய்த் தீ மூட்டிச் சொல்வார்கள். அவருடைய கணவர் நாலு வருடத்துக்கு முன் அவரைத் தேடி எல்லை தாண்டி வந்தார். தெற்கு டெக்சாஸில் வெயில் காலத்தில் மேய்ச்சல் நிலங்களின் வழியாக நடந்து வந்திருக்கிறார். ஒரு தடவை போன் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு பகலில் போய்விடக்கூடிய தூரம்தான். எங்கேயோ ஒரு முள்காட்டில் கிடக்கிறார். புதைக்கப்படாதவருக்கு ஓய்வு இல்லை. அங்கே அவர் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினால், முன்னோர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த அம்மாவால் போக முடியாது. விசாக் காகிதம் இல்லாதவர், போனால் திரும்பி வர முடியாது. இரண்டு பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

“கண்டிப்பா பண்றேன்னு சொல்லு,” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது நிஜமான கண்ணீர்தான், அதில் சந்தேகம் இல்லை. எனக்குக் கண்ணீர் சீக்கிரம் வரும்.

அடுத்த முறை வந்தபோது செய்தித்தாளில் சுற்றி ஆறு மெழுகுவர்த்திகள் கொண்டுவந்தார். விரல் பருமனில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை. கூடவே ஒரு துண்டுத் தாளில் கணவரின் பெயர், குழந்தை எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தில். மேஜையில் வைத்துக் காட்டிக்கொடுத்தார். சிவப்பு கிழக்கில், வெள்ளை வடக்கில், மஞ்சள் தெற்கில், நீலமும் பச்சையும் நடுவில். கறுப்பு மேற்கில், சூரியன் இறங்குகிற பக்கம். ஊதி அணைக்கக் கூடாது. முழுக்க எரிகிறவரை பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். வேலையிலும் நான் இப்படித்தான், வழிமுறைகளை வரி வரியாகக் குறித்துக்கொள்வேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பெட்டி அடுக்கும்போது அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஓட்டுநர் தேர்வுக்கு ராகு காலம் பார்க்கிற தோழிகளைக் கிண்டல் செய்கிறவள் நான். எங்கள் வீட்டில் கறுப்புப் புடவை இருக்கிறது, ஆபீஸுக்குக் கறுப்புச் சட்டைதான் போட்டுக்கொண்டு போவேன். ஆனால் அன்றைக்குப் பெட்டியில் மேலாக இருந்தது என் கூறைப்புடவை. கல்யாண நாளன்று டிகால் கோபுரத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அதன்மேல் போய் அந்தக் கறுப்பு மெழுகுவர்த்தியை வைக்க எனக்குக் கை வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, இன்னொருத்தியின் செத்துப்போன புருஷனுக்கு, அதுவும் கறுப்பு.

“மத்த அஞ்சு இருக்குல்ல, போதும் விடு. எதுக்கு வம்பு?” என்றார் கணவர்.

வண்ணத்தில் என்ன இருக்கிறது, நினைப்புதானே முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருக்காவது துரோகம் செய்யும்போதுதான் எனக்கு இந்த மாதிரித் தத்துவம் எல்லாம் வரும். கறுப்பு மெழுகுவர்த்தியை எடுத்து, கற்பூர டப்பாவும் பழைய பேட்டரிகளும் பிறந்தநாள் மெழுகுவர்த்திகளும் கிடக்கிற சமையலறை இழுப்பறையின் அடியில் போட்டு மூடினேன். மகளிடம் சொல்லவில்லை.

டிகாலைப் பற்றி நான் பெரிதாக எழுதப்போவதில்லை. மரங்களுக்கு மேலே கல் கோபுரங்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. குரங்குகள் போடுகிற உறுமல் புலி பக்கத்தில் நிற்பதுபோல் கேட்கும். நடுவில் இரண்டு உயரமான கோயில்கள் எதிரெதிரே பார்த்துக்கொண்டு நிற்க, இடையில் பெரிய புல்வெளி. அந்தப் புல்வெளியில் ஒரு வட்டம், தீ மூட்டி மூட்டிக் கறுத்துப்போன தரை. அந்த அம்மா சொன்னது சொன்னபடியே இருந்தது.

நாங்கள் போனபோது அங்கே ஒரு குடும்பம் தீ வளர்த்துக்கொண்டிருந்தது. பூப்போட்ட மேல்சட்டையும் சுருக்கம் வைத்த பாவாடையுமாக நடுவயதுப் பெண் ஒருவர், அவர் கணவராக இருக்க வேண்டும், கூட இரண்டு மூன்று உறவுக்காரர்கள். தரையில் சர்க்கரையால் வட்டம் போட்டு, அதற்குள் குங்கிலியம் மாதிரி மணக்கிற கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுத்தார்கள். அந்தக் குடும்பத்தார் யாரையும் கண்டுகொள்ளவில்லை. நான் கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகளைக் கேட்கச் சொன்னேன். ஓரத்தில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை என்று நட்டு ஏற்றினேன். துண்டுத் தாளைப் பார்த்துப் பெயரை ஒரு தடவை படித்தேன். அர்ச்சனைச் சீட்டில் பெயர் படிக்கிற குருக்கள் மாதிரி, வேகமாக, வாய்க்குள்ளேயே. நட்சத்திரம் தெரியாதே என்றுகூடத் தோன்றியது. பெயர் எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாது என்று அதைத் தீயிலேயே போட்டுவிட்டேன்.

பூப்போட்ட சட்டைக்காரப் பெண் என் மெழுகுவர்த்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேற்குப் பக்கம் காலியாக இருந்த இடத்தைக் கையால் காட்டி ஏதோ கேட்டார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “அம்மா, வேர் இஸ் த பிளாக் ஒன்?”

“வீட்லயே இருக்கு.”

“வை?”

அந்தப் பெண் மறுபடி கேட்டார். மகள் என்ன சொன்னாளோ, அவர் தன் பையைத் துழாவி ஒரு கறுப்பு மெழுகுவர்த்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கி நட்டிருந்தால் முடிந்திருக்கும். எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் தாலியும் பட்டுமாக நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர் கையால் அதை வாங்குவதா என்று தயங்கினேன். அந்தப் பக்கம் படிக்கட்டருகே கணவர் கேமராவை வைத்துக்கொண்டு வெயில் போகிறது, வா வா என்று கை காட்டினார்.

“வேண்டாம்னு சொல்லு. தேங்க்ஸ் சொல்லிடு.”

“அம்மா, இட்ஸ் ஃபார் ஹிம்.”

“சொல்லுன்னு சொல்றேன்ல.”

சொன்னாள். அந்தப் பெண் மெழுகுவர்த்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் தீப்பக்கம் திரும்பினார். நாங்கள் படம் எடுக்கப் போனோம். மஞ்சள் இன்னும் பாதிதான் எரிந்திருந்தது. அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் புடவைக் கலர் பிரமாதம் என்பார்கள்.

ஊர் திரும்பிய அடுத்த வியாழன், அந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மகளைக் கேட்டார். கறுப்பு முழுக்க எரிந்ததா? மகள் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எரிஞ்சுதுன்னு சொல்லு,” என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“கண்ணு, அவங்களைப் பாரு. இல்லேன்னு சொல்லி என்ன ஆகப்போகுது? எரிஞ்சுதுன்னு சொல்லு.”

ஸ்பானிஷில் ‘ஆமாம்’ என்பது எனக்கும் தெரிந்த சொல். நானே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைச் சொல்ல வைத்தேன். அந்த அம்மா வேறு ஏதோ கேட்டார், அதற்கும் மகள் ஆமாம் என்றாள். மூன்றாவதாகக் கேட்டதற்கு நீளமாகப் பதில் சொன்னாள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். நெற்றி வேர்வையில் ஈரமாக இருந்தது. அன்று மாலை முழுக்க மகள் அறையை விட்டு வரவில்லை.

அதன் பிறகு அந்த அம்மா மாறிப்போனார். வேலை செய்யும்போது மெல்லப் பாடுவார். ஒருநாள் வாழையிலையில் சுற்றி, மாவுக்குள் கீரையும் சீஸும் வைத்து அவித்த பண்டம் கொண்டுவந்தார். நாங்கள் அசைவம் சாப்பிட மாட்டோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்திருந்தார். நாலு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் தூக்கம் வருகிறது என்று மகளிடம் சொன்னாராம். கணவர் கனவில் வருவது நின்றுவிட்டதாம். முன்பெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டே வருவாராம். மகள் இதை முகம் திருப்பிக்கொண்டே எனக்குச் சொன்னாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பார்த்தாயா, சொன்னதில் தப்பில்லை, ஒரு ஜீவன் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செப்டம்பரில் நவராத்திரி வந்தது. கொலு வைக்கப்போகிறோம், பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், சமையலறை இழுப்பறைகளை எல்லாம் கொட்டித் துடைத்துவிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் கைஜாடையில் நான்தான் சொன்னேன். எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எனக்கு அது அவ்வளவு சுலபமாக மறந்துபோயிருந்தது. மேலே போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். யாரோ எழுதிய நிரலில் ஒரு படியை விட்டுவிட்டார்கள் என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். இழுப்பறைச் சாமான் எல்லாம் மேடையில் வரிசையாகப் பிரித்து வைத்திருந்தார். பேட்டரிகள் ஒரு பக்கம், ரப்பர் பேண்டுகள் ஒரு பக்கம், பிறந்தநாள் மெழுகுவர்த்திகள் ஒரு பக்கம். கறுப்பு மட்டும் தனியாக, ஒரு பேப்பர் டவலை விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தது. திரி வெள்ளையாக இருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மகள் பள்ளியில் இருந்தாள். எங்களுக்கு நடுவில் யாரும் இல்லை. போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன், மறந்துவிட்டேன் என்றோ மன்னித்துவிடுங்கள் என்றோ. போன் அதை ஸ்பானிஷில் சத்தமாகச் சொன்னது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் கணவர் இப்போது மறுபடியும் அந்த முள்காட்டுக்கே போய்விட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆறு மாதம் தூங்கவைத்துவிட்டு உலுக்கி எழுப்பியதுபோல.

அவர் அழுதிருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம், அந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. சாமான்களை எல்லாம் இருந்த இடத்தில் திருப்பி வைத்தார். மேடையைத் துடைத்தார். தரையைத் துடைத்தார். வாசல் மிதியடியை உதறி நேராகப் போட்டுவிட்டுப் போனார். கறுப்பு மெழுகுவர்த்தி டவலின் மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மகள் மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அந்த நம்பரே இல்லை என்றது. நாலு வீடு தள்ளியிருக்கிற தோழி வீட்டுக்கும் வருவதை நிறுத்திவிட்டார். அந்தச் சமயத்தில் இங்கே காகிதம் இல்லாத எல்லோருக்கும் குடியேற்றப் போலீஸ் பயம். வேலைக்குப் போகிற வழியிலேயே பிடிக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடும்போது பிடிக்கிறார்கள் என்று பேச்சு. அவர் பிடிபட்டாரா, ஊர் மாறினாரா, அல்லது என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இந்தத் தெருப் பக்கமே வராமல் இருக்கிறாரா என்று தெரியவில்லை. பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தால் நல்லதுதான், அவரே அந்த நகரத்துக்குப் போய் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒருநாள் காரில் போகும்போது நினைத்தேன். இப்படியும் ஒருத்தி யோசிப்பாளா? நான் யோசித்தேன்.

மகளிடம் ஒரே ஒரு தடவை இதைப் பேச்சில் எடுத்தேன். அன்று வாசலில் அந்த அம்மா மூன்றாவதாக என்ன கேட்டார் என்று கேட்டேன்.

“ஷீ ஆஸ்க்ட் வாட் த ஃப்ளேம் லுக்ட் லைக்,” என்றாள். தீ எப்படி எரிந்தது என்று கேட்டிருக்கிறார். “ஐ மேட் இட் அப். ஐ டோல்ட் ஹர் இட் வாஸ் டால். யூ மேட் மீ டூ தட், அம்மா.”

உயரமாக எரிந்தது என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் அவள் கடைசியாக நீளமாகப் பேசியது அதுதான். இப்போது ஸ்பானிஷ் வகுப்பையும் விட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு மாலை, யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எங்கள் வேலிக்கு மேலே, ஃப்ரீவேயின் அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் மேற்கு. ஒரு பூந்தொட்டி மண்ணில் நட்டேன். இது அந்த நகரம் இல்லை, எனக்கு இதற்குத் தகுதியும் இல்லை, தெரியும். ஆனாலும் முழுக்க எரிகிறவரை உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். தீக்குச்சியைக் கிழித்துக் கையில் பிடித்தபடி பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

பெயர் வரவில்லை.

குச்சி எரிந்து விரலைச் சுட்டது. இன்னொன்று கிழித்தேன். பெரிய பெரிய எழுத்து, கோணல் மாணலாக இருந்த அந்தத் தாள், அதன் மூலையில் எண்ணெய்க் கறை, எல்லாம் கண்முன் வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. ஒரே தடவை படித்தது, அதையும் வாய்க்குள் முனகியது. தாளை நானே தீயில் போட்டுவிட்டேன்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது வீட்டுக்கு வந்தாளோ தெரியாது. கதவைத் திறந்து, “கண்ணு, அவர் பேர் என்ன? உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மாடிப்படி ஏறிப் போகிற சத்தம் கேட்டது. வேலிக்கு அப்பால் வெளிச்சம் போன பிறகு தொட்டியிலிருந்து மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, பழைய இழுப்பறையிலேயே வைத்தேன்.